பூட்டிய வீட்டைத் "தேடியாச்சு" என்று கணக்கில் எழுதலாமா?

கடைசிபெஞ்சு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் டிகிரி மூன்றாம் வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் பக்கத்தில்தான், பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர்ப் பெயரையும் பையன் பெயரையும் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஒரு வீட்டில் படைப்பு, முன்னோரைக் கும்பிடும் விசேஷம். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு வந்திருந்த குடும்பத்தின் பையன், நாலு வயது. மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பாயை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். இரண்டு மணிக்குப் பையன் முகப்பில் ஒரு பூனைக்குட்டியை விரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் உண்டு. அப்புறம் பார்த்தவர் இல்லை. பிள்ளை ஆயாவோடு தூங்குகிறான் என்று அம்மா நினைத்திருக்கிறார். அம்மானோடு கடைக்குப் போயிருக்கிறான் என்று ஆயா நினைத்திருக்கிறார். விசேஷ வீட்டில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

எங்கள் கிரிக்கெட் குரூப்புக்குச் செய்தி வந்தபோது மணி மூன்றேகால். பன்னிரண்டு பையன்கள், என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கும் இரண்டு பெண்கள். உடனே ஆறு பைக்கை எடுத்துக்கொண்டு, ஹாரன் அடித்து, பையன் பெயரைக் கத்திக்கொண்டே கிளம்பினோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதல் ஒரு மணி நேரம் நாங்கள் செய்தது தேடலே இல்லை. பெருமாள் கோயில் தெருவை நாலு பேர் நாலு தடவை பார்த்திருக்கிறோம். அதற்குப் பின்னாலிருக்கும் தெருவில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

நாலரைக்கு எங்கள் பழைய பி.டி. சார் வந்தார். என்.சி.சி.யும் பார்த்தவர். எல்லோரையும் கோயில் மண்டபத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் தெருவையெல்லாம் கோடு போட்டு, வீடு வீடாகக் கட்டம் கட்டினார். உள்ளே போய்ப் பார்த்தால் டிக். பாதி பார்த்தால் வட்டம். பூட்டியிருந்தால் "பூ". இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், திரும்பி வந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த தெரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் விசில் ஊதுவார், அப்போது ஊரே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்க வேண்டும்.

ஆறு மணிக்குள் இரண்டு ஊருணி, கண்மாய்க் கரை, கருவேலங்காடு, திறந்திருந்த வீடுகள் எல்லாம் முடிந்தன. அதே நேரம் குரூப்பில் "பையன் கெடச்சுட்டான், அனைவருக்கும் நன்றி" என்று ஒரு மெசேஜ். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது வேறெங்கோ, வேறு யாரோ பிள்ளைக்கு வந்த பழைய மெசேஜ். நல்லெண்ணத்தில் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்.

ஏழு மணிக்கு என்.எஸ்.எஸ். தங்கச்சி ஒருத்தி டியூப்லைட் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினாள். "அண்ணே, இதுல பதினோரு 'பூ' இருக்கு. இதை யாருமே பாக்கலையே" என்றாள். நான்தான், "பூட்டு தொங்குதும்மா, நாலு வயசுப் பிள்ளை சாவி போட்டா உள்ளே போகும்?" என்று கேட்டேன். பி.டி. சார் நிமிர்ந்து, "எப்பப் பூட்டுனாங்கன்னு கேட்டியாடா?" என்றார்.

கேட்கவில்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அன்றைக்குப் பதினோரு வீட்டுக்காரர்களுக்கும் போன். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், கோலாலம்பூர். ஏழாவது வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் புதுவயலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஒருவன் போய் பைக்கில் கூட்டி வந்தான். அவர் சத்தியம் பண்ணினார்: மதியம் கூட்டிவிட்டுக் குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தேன், திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டேன், முன்பக்கம் பூட்டிக்கொண்டு போனேன், உள்ளே ஈ காக்கை இல்லை என்று.

இரண்டாங்கட்டில் (முதல் முற்றத்துக்குப் பின்னால் உள்ள பகுதி), ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், பழைய பந்திப் பாய்ச் சுருளுக்கும் சுவருக்கும் நடுவில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மணி எட்டு நாற்பது. பூனைக்குட்டியும் அங்கேதான் இருந்தது. பிள்ளைக்கு உதடு காய்ந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டி வந்தார்கள். மறுநாள் அவன் அம்மாவிடம் சொன்னது: "நெறைய அண்ணனுங்க கத்துனாங்க, டார்ச் அடிச்சாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டேன்."

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை ஒரு நிரந்தரக் குழுவாக வைத்துக்கொள்ளலாம் என்று பதினாலு பேரும் நினைக்கிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது? முக்கியமாக, இந்தப் பூட்டிய வீடுகளை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற ஏட்டு

தம்பி, நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள்? நீ எழுதியதில் அது இல்லையே.

---

கடைசிபெஞ்சு

ஐயா, ஐந்தே முக்காலுக்கு. "24 மணி நேரம் ஆகணும், இப்பப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதால் தாமதம். போனபோது திருப்பி அனுப்பவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் கூடவே வந்தார்கள்.

---

ஓய்வுபெற்ற ஏட்டு

அந்த 24 மணி நேரக் கதையை எவன் கிளப்பினானோ. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. 2013 மே 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். வேறு காரணம் என்று தெரியவரும் வரை அதைக் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். நாலு மாதத்தில் கிடைக்கவில்லை என்றால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போகும். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், அது இலவசம். எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்று யாராவது சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில், பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ஆம் பிரிவில், எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்றே இருக்கிறது.

நேரில் ஒருவர் போகும்போதே இன்னொருவர் 112-க்குப் போன் போட வேண்டும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், அதற்கும் சொல்லிவிடுங்கள். இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

போகும்போது என்ன கொண்டுபோவது? சமீபத்திய போட்டோ. மொட்டை போட்டதற்கு முன்னால் எடுத்தது வேண்டாம், கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டி எடுத்ததும் வேண்டாம். அன்றைக்கு என்ன உடை, காலில் செருப்பு உண்டா, மச்சம் தழும்பு, வீட்டில் கூப்பிடும் பெயர், என்ன மொழி புரியும், மருந்து மாத்திரை உண்டா. அப்புறம் பிள்ளை போட்டுக் கழற்றிய துவைக்காத சட்டை ஒன்றை நாலு பேர் தொடாமல் ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். மோப்ப நாய் வந்தால் அதுதான் உதவும். பெரும்பாலும் ஊரே அந்தச் சட்டையைத் தொட்டுத் தொட்டு அழுதிருக்கும், நாய் யார் வாசனையைப் பிடிக்கும்?

கேமரா பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கடை கேமரா கடிகாரமும் உங்கள் கைக்கடிகாரமும் ஒத்துப்போகாது. இருபது நிமிஷம் முன்னே ஓடும் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் பாருங்கள்.

---

நிதானம்

எல்லோரும் தம்பியைப் பாராட்டுகிறீர்கள், பாராட்டுங்கள். ஆனால் இளைஞர் குழு என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். எங்கள் ஊரிலும் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளையைக் காணோம் என்று தேடினார்கள். அன்று சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் போர்வை விற்றுக்கொண்டு வந்த வடநாட்டுக்காரர் ஒருவரைச் சுற்றி இருபது பேர். மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள், செல்லைப் பிடுங்கினார்கள், பேசத் தெரியவில்லை என்பதையே குற்றமாக்கினார்கள். ஒரு ஆட்டோக்காரர் நடுவில் வந்து நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. பிள்ளை அவள் தோழி வீட்டு மாடியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்ததை மறந்துவிட்டோமா? குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம். வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த "பிள்ளை பிடிக்கும் கும்பல்" வதந்தியால். அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான், ஒரு நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது.

தேடுகிற கூட்டம் அடிக்கிற கூட்டமாக மாற ஐந்து நிமிஷம் போதும். அதற்கு உங்கள் குழுவில் என்ன ஏற்பாடு?

---

கடைசிபெஞ்சு

அண்ணே, நீங்கள் கேட்டதற்கு மழுப்பாமல் சொல்கிறேன். எங்களிடமும் அது நடந்தது, மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். புதுவயலிலிருந்து அந்தப் பெரியவரைக் கூட்டி வந்ததும், "பிள்ளையை உள்ளே வச்சுப் பூட்டிட்டு எங்கேய்யா போன?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். அவருக்கு அறுபத்தெட்டு வயது. கை நடுங்கியதில் சாவி துவாரத்தில் போகவே இல்லை. கடைசியில் தங்கச்சிதான் சாவியை வாங்கித் திறந்தாள். பையன் கிடைத்த சந்தோஷத்தில் அவரை எல்லோரும் மறந்துவிட்டோம். இருட்டில் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் நாங்கள் மூன்று பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல தம்பி" என்றார். ஆனால் அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டார்.

ஏற்பாடு என்று கேட்டால் இதுவரை ஒன்றுதான் முடிவு செய்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் வண்டி நம்பரைக் குறித்துப் போலீசுக்குச் சொல்வது, அதோடு நம் வேலை முடிந்தது. யாரையும் நிறுத்தி விசாரிப்பது எங்கள் வேலை இல்லை.

---

தேவகோட்டை அம்மா

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். இரண்டு தடவை வீட்டை விட்டுப் போயிருக்கிறான். இரண்டு தடவையும் தேடி வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஆனால் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் பெயருக்குத் திரும்ப மாட்டான். நான் கூப்பிட்டாலே பத்துக்கு ஒரு தடவைதான் திரும்புவான். ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு எங்காவது சந்தில் ஒடுங்கிவிடுவான். ஆக, தேடத் தேட அவன் இன்னும் உள்ளே போனான்.

முதல் தடவை கிடைத்த இடம் பஸ் ஸ்டாண்டு குழாயடி. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு மணி நேரம். கடந்து போனவர்கள் எல்லோரும் யாரோ வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்களாம். இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. அதனால் இந்த மாதிரிப் பிள்ளை என்று தெரிந்தால், வீட்டுக்குள் தேடும் அதே நேரத்தில் இரண்டு பேர் நேராகத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டை முடித்துவிட்டு அப்புறம் போவோம் என்று இருக்கவே கூடாது.

பெற்றோரிடம் "எங்கே போயிருப்பான்" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு மூளை வேலை செய்யாது. "அவனுக்கு எது பிடிக்கும்" என்று கேளுங்கள். இரண்டாவது தடவை ஒரு பெண் அப்படிக் கேட்டாள். மாவு மெஷின் சத்தம் பிடிக்கும் என்றேன். ரைஸ் மில் பின்பக்கத்தில் இருந்தான்.

அந்த ஒரு நிமிஷ மௌனம் பற்றிப் படித்தபோது உங்கள் பி.டி. சாரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

---

ஊருணிக்கரை

எல்லாம் சரி, ஊருணியை எப்படித் தேடினாய் என்று எழுது தம்பி. "இரண்டு ஊருணி முடிந்தது" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாய்.

---

கடைசிபெஞ்சு

பங்குனி என்பதால் ஒன்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். இன்னொன்றில் கொஞ்சம் ஆழம், நம் பசங்க மூன்று பேர் இறங்கிக் காலால் துழாவினார்கள்.

---

ஊருணிக்கரை

அதைத்தான் பயந்தேன். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியுமா? கரையில் கயிறு இருந்ததா? இதே ஐப்பசி கார்த்திகையாக இருந்திருந்தால் நீங்கள் ஒரு பிள்ளையைத் தேடப் போய் நாலு வீட்டில் ஒப்பாரி. ஊருணிப் படிக்கட்டு கல், ஈரத்தில் பாசி. அதற்கடியில் சேறு, தாமரைக் கொடி. ஒருவன் சிக்குவான், அவனைப் பிடிக்க அடுத்தவன் குதிப்பான். எத்தனை பத்திரிகையில் படித்தாயிற்று.

நாலு படித்துறையிலும் ஆள் நிற்கட்டும், மிதக்கிறதா, செருப்பு கிடக்கிறதா, கரையில் ஈரக் காலடி இருக்கிறதா என்று பார்க்கட்டும். நீளமான மூங்கில், கயிறு, காற்றடித்த லாரி டியூப் ஒன்று. டியூப் இல்லாவிட்டால் மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன். கண்ணெதிரே பிள்ளை தத்தளித்தால் அது வேறு, எறிய வேண்டியதை எறி. ஆனால் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தண்ணீரில் துழாவுவது தீயணைப்பு வீரர்கள் வேலை. 101, இல்லையென்றால் 112. வரச் சொல்லிவிட்டுக் கரையைக் காவல் காக்க வேண்டியது உங்கள் வேலை.

தண்ணீர் என்றால் ஊருணி கண்மாய் மட்டும் இல்லை. ஒவ்வொரு பழைய வீட்டுப் பின்கட்டிலும் கிணறு இருக்கிறது, பாதிக்கு மேல் கம்பி வலை கிடையாது. செப்டிக் டேங்க் மூடி. மழைக்குப் பிறகு செம்மண் எடுத்த குழிகள். அப்புறம் கைவிட்ட போர்வெல். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்து, தீபாவளியும் அதுவுமாகத் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததே. மணப்பாறை என்ன ரொம்ப தூரமா? பதினாலு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், பிள்ளை காணாமல் போகும் வரை காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி மூடாத கிணறு, மூடாத குழாய் எத்தனை என்று எண்ணிப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கருவேலமுள் ஹவாய்ச் செருப்பைத் துளைத்துவிடும், வெயில் காலத்தில் பாம்பும் நிழலைத் தேடும்.

---

பல்லவன் பயணி

ஒரு சின்னச் சேர்க்கை. நாலு வயதுப் பிள்ளையும் பதிமூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றில்லை. சின்னது பக்கத்தில்தான் எங்காவது இருக்கும். பெரியது கோபித்துக்கொண்டு போனால் பஸ் ஏறும், ரயில் ஏறும். என் அண்ணன் மகன் மார்க் ஷீட் வந்த அன்று அப்படிப் போனான். நாங்கள் ஊர்க் கண்மாயைச் சுற்றிக்கொண்டிருந்தோம், அவன் காரைக்குடி ஜங்ஷனில் விடிகாலைப் பல்லவனுக்காக பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தான். ரயில்வே போலீஸ் பெண்மணி ஒருவர் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, பிஸ்கட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். பெரிய பிள்ளை என்றால் முதலில் கூட்டாளிகளைக் கேளுங்கள், அதுவும் அவர்கள் அப்பா அம்மா பக்கத்தில் இல்லாதபோது. ரயிலில் சந்தேகம் என்றால் 139.

அப்புறம் திருவிழாக் கூட்டம். குன்றக்குடிக்குக் காவடி வரும்போதும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும்போதும் மைக்கில் "மஞ்சள் சட்டை போட்ட பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மஞ்சள் சட்டை போடாத பிள்ளை அங்கே எது? என் மனைவி பேனாவால் பிள்ளை முன்கையில் போன் நம்பரை எழுதி, அதன்மேல் நகப்பூச்சு ஒரு கோட் அடித்துவிடுவாள். வியர்வையில் அழியாது.

---

செக்காலை ராக்கெட்

பையன் போட்டோ என்னிடம் இருக்கு. அந்த நேரத்தில் குரூப்பில் வந்தது. அவ்வளவு அழகான பிள்ளை. கீழே போட்டிருக்கிறேன் பாருங்கள், ஊர் [நீக்கப்பட்டது]

---

நெறியாளர்

மேலே உள்ள படத்தையும் ஊர்ப் பெயரையும் நீக்கியிருக்கிறேன். பையன் கிடைத்தாயிற்று, படத்துக்கு இனி வேலை இல்லை. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் காணாமல் போன குழந்தையும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை என்ற வரையறைக்குள் வருகிறது. 74-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராக்கெட், கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். உங்கள் செல்லிலும் அழித்துவிடுங்கள்.

---

செக்காலை ராக்கெட்

மன்னிக்கணும். அழிச்சாச்சு.

---

கடைசிபெஞ்சு

நெறியாளருக்கு நன்றி. இதையும் சொல்லிவிடுகிறேன். போட்டோவை அன்றைக்குப் பரப்பியது நாங்கள்தான். கூடவே அம்மாவின் செல் நம்பரும் போட்டோம். கிடைத்தபின் "கிடைத்துவிட்டான்" என்று போட்டோம், ஆனால் ஒரு செய்தி போன இடத்துக்கெல்லாம் அடுத்த செய்தி போகாது. இரண்டு மாதம் கழித்து கோயம்புத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாவை இரண்டு பேர் மறித்து, "இது காணாமப் போன பையனாச்சே, நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெற்ற தாயிடம். ஆதார் கார்டு எடுத்துக் காட்டும் வரை விடவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பணம் கேட்டும், அசிங்கமாகவும் போன் வந்ததால் அவர் நம்பரை மாற்றிவிட்டார்.

இனிமேல் எங்கள் குழுவின் போஸ்டரில் ஸ்டேஷன் நம்பர் மட்டும்தான் இருக்கும். தேதியும் நேரமும் படத்தின் மேலேயே இருக்கும், வெட்டி எடுக்க முடியாத மாதிரி.

---

கடல்தாண்டிய ஆச்சி

தம்பி, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊர் சொல்லக் கூடாது என்கிறாய், சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றில் ஒன்று எங்கள் வீடு. அன்று ராத்திரி எனக்கும் போன் வந்தது. "ஆச்சி, சாவி யாருட்ட இருக்கு?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். எனக்கே தெரியவில்லை. வீட்டில் ஏழு புள்ளி, அதாவது பங்குள்ள ஏழு குடும்பம். முன்கதவுச் சாவி சென்னையில் ஒரு பங்காளியிடம். உள்ளே அறை அறைக்குத் தனிப்பூட்டு. பார்த்துக்கொள்கிறவரிடம் இருப்பது வெளியே திண்ணைப் பக்கத்து முகப்புச் சாவி மட்டும். நான் ஆறு பேருக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் பிள்ளை கிடைத்துவிட்டான் என்று சொன்னார்கள். கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன்.

நாங்கள் ஏன் சாவியை ஊரில் கொடுத்து வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை வீட்டு நிலைக்கதவும் தூணும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன என்று ஊருக்கே தெரியும். எல்லாம் விற்று வந்தவை இல்லை. இப்போது "இளைஞர் குழுவிடம் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது" என்று ஒரு பேச்சு வந்தால், நாளைக்கு ஏதாவது களவு போனால் உங்கள் தலையில்தான் விழும். நல்லது செய்யப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே.

---

ஓய்வுபெற்ற ஏட்டு

ஆச்சி சொல்வது சரி. சாவியை வாங்காதீர்கள். யாரிடம் சாவி இருக்கிறது என்கிற விவரத்தை மட்டும் வாங்குங்கள். வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் முன்பே உண்டு, ரோந்துக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அந்த மாதிரி ஒரு நோட்டு: வீடு, பார்த்துக்கொள்கிறவர் பெயர், அவர் செல், சாவி எங்கே, பின்வாசல் எந்தத் தெருவில். ஒரு பிரதி ஸ்டேஷனில், ஒரு பிரதி ஊர்ப் பெரியவர் யாரிடமாவது உறை போட்டு ஒட்டி. குழுவில் யாரிடமும் இருக்கக் கூடாது. திறக்கும்போது வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே உள்ளே போங்கள், அவர் பார்த்த மாதிரியும் ஆச்சு, உங்களுக்குச் சாட்சியும் ஆச்சு.

---

நிதானம்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளை உயிர் போகிற நேரத்தில் உறையைப் பிரித்து, போன் போட்டு, வீடியோ கால் எடுத்து... ஆச்சி, நீங்களே சொல்லுங்கள், போன் எடுக்காவிட்டால் பூட்டை உடைக்கலாமா?

---

கடல்தாண்டிய ஆச்சி

ஏழு புள்ளியில் நான் ஒரு புள்ளி. என் பங்குக்குச் சொல்கிறேன், உடைத்துக்கொள்ளட்டும். பூட்டு நூறு ரூபாய், இருநூறு ரூபாய். மற்ற ஆறு பேரிடம் எழுதி வாங்க முயற்சி பண்ணுகிறேன். இரண்டு பேர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை, அது வேறு கதை.

---

ஓய்வுபெற்ற ஏட்டு

உடைப்பதானால் போலீஸ் முன்னிலையில் உடையுங்கள் தம்பி. தனியாக வேண்டாம். 112-க்கு முதலிலேயே சொல்லியிருந்தால் அவர்கள் அங்கேதானே நிற்பார்கள்.

---

கடைசிபெஞ்சு

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆயிற்று, என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் இப்போது இரண்டு பக்கம். ஒரு பக்கம் முன்வாசல் தெரு, எதிர்ப்பக்கம் அதே வீட்டின் பின்வாசல் தெரு. "பூ" போட்டால் பக்கத்திலேயே "எப்போது பூட்டியது, யார் சொன்னது" என்று எழுதினால்தான் கட்டம் முடியும். பதினோரு வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் விவரம் கொடுத்துவிட்டார்கள். மூடாத கிணறு நாலு, மூடி உடைந்த செப்டிக் டேங்க் ஒன்று. எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, எனவே நாங்களே தற்காலிகமாகப் பலகையும் கல்லும் வைத்திருக்கிறோம். தண்ணீரில் இறங்குவதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஊருணிக்கரை அண்ணனுக்காக இதைச் சொல்கிறேன். பழைய பெரியவரைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அந்த வீட்டுக்காரரே பேசியிருக்கிறார். வந்துவிட்டார். என்னைப் பார்த்தால் மட்டும் இன்னும் சிரிப்பதில்லை.

ஆச்சி, உங்கள் வீட்டு விவரம் ஸ்டேஷன் நோட்டில் ஏறிவிட்டது. முகப்புச் சாவி யாரிடம் என்று இருக்கிறது. பின்வாசல் சாவி யாரிடம் என்று மட்டும் காலியாக இருக்கிறது. சொன்னால் நிரப்பிவிடுவேன்.

---

கடல்தாண்டிய ஆச்சி

பின்வாசலுக்கு ஏது தம்பி சாவி? எங்கள் ஐயா காலத்திலிருந்து உள்ளே தாழ்ப்பாள்தான்.